எலிசாவின் விண்ணப்பம்

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில், இரண்டாம் அங்கத்தில், லண்டன் தெருவில் பூ விற்கும் எலிசா டூலிட்டில் ஓர் ஒலியியல் பேராசிரியரின் வீட்டுக்கு வருகிறாள். முந்தின இரவு அவள் பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஹிக்கின்ஸ், மூன்று மாதம் போதும், இவளைச் சீமாட்டிபோலப் பேசவைத்துவிடுவேன் என்று சவடால் அடித்ததை அவள் மறக்கவில்லை. தெருமுனையில் விற்பதை விட்டு ஒரு பூக்கடைக்குள் வேலைக்குப் போக வேண்டும். இப்போது பேசுகிற மாதிரி பேசினால் எந்தக் கடையிலும் சேர்க்க மாட்டார்கள். ஆகவே பாடம் வேண்டும். தானமாக வேண்டாம், காசு தருகிறேன் என்கிறாள். ஒரு பாடத்துக்கு ஒரு ஷில்லிங்.  ஹிக்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, அவள் வருமானத்தில் ஒரு ஷில்லிங் என்பது ஒரு கோடீஸ்வரர் பல பத்துப் பவுன்களை எடுத்து வைப்பதற்குச் சமம் என்று ஒப்புக்கொள்கிறார்.

1913-இல் முதன்முதலில் மேடையேறிய இந்த நாடகத்தை நம் கல்லூரிகளின் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் இரண்டு விதமாகச் சொல்லித்தருகிறார்கள். ஒன்று, வர்க்கமும் உச்சரிப்பும் பற்றிய நையாண்டி. இன்னொன்று, சிற்பி தான் செதுக்கிய சிலையைக் காதலித்த கிரேக்கக் கதையின் மறுவடிவம். இரண்டு வாசிப்பிலும் எலிசா வேறொருவர் கையில் உருவாகும் பொருள். எனக்கு அந்தக் காட்சி ஒரு விண்ணப்பமாகத் தெரிகிறது. நோக்கத்தைச் சொல்கிறாள், கட்டணத்தை முன்வைக்கிறாள், அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறாள். பேச்சுப் பயிற்சித் துறையின் வாசலில் அனுமதி கேட்டு நின்ற முதல் இலக்கியப் பாத்திரம் என்று அவளைச் சொல்லலாம்.

அந்த வாசலில் இன்றும் வரிசை நிற்கிறது, நிற்பவர்களும் பெண்கள்தான். ஹிக்கின்ஸ் தன் அறையில் செய்ததற்கு அந்தக் காலத்துப் பெயர் பேச்சுத் திருத்தம். 1925-இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கியபோது அதன் பெயரே 'அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்பீச் கரெக்ஷன்'. அதுவே வளர்ந்து இன்று ஆஷா என்று அழைக்கப்படும் தேசியச் சங்கமாகியிருக்கிறது. திருத்தம் என்ற சொல் போய்விட்டது, தொழிலும் அகன்றுவிட்டது. திக்கும் குழந்தை, பக்கவாதத்தில் சொற்களை இழந்த முதியவர், உள்காதில் கருவி பொருத்தப்பட்டு முதன்முறையாக ஒலி கேட்கும் பிள்ளை, பேச்சுக்குப் பதில் படப்பலகையில் தொட்டுக் காட்டி உரையாடும் ஆட்டிசம் உள்ள சிறுவன், ஒரு மிடறு தண்ணீரை விழுங்க முடியாத நோயாளி: இவர்கள் எல்லோரும் பேச்சு-மொழி சிகிச்சையாளரிடம் வருகிறார்கள். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையாளர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பெண்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் வெள்ளையினத்தவர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குள் போக அங்கே முதுகலைப் பட்டம் கட்டாயம். தேசியச் சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும்: 25 மணி பார்வையாளராக, 375 மணி நேரடியாக நோயாளிகளோடும் மாணவர்களோடும். தேசியத் தேர்வு எழுத வேண்டும். படிப்பு முடிந்தபின் இன்னொருவர் மேற்பார்வையில் குறைந்தது 36 வாரம் வேலை செய்ய வேண்டும். இளங்கலையில் வேறு பாடம் படித்தவர் என்றால், ஒலியியல், பேச்சு-செவி உறுப்புகளின் உடற்கூறு, குழந்தைகளின் மொழி வளர்ச்சி போன்ற முன்பாடங்களைச் சொந்தச் செலவில் முடித்துவிட்டுத்தான் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பிக்கவே முடியும். விண்ணப்பம் பெரும்பாலும் ஒரு பொது இணையவழிச் சேவை மூலம் போகிறது; எத்தனை பல்கலைக்கழகமோ அத்தனை முறை கட்டணம். மதிப்பெண் சராசரி, பரிந்துரைக் கடிதங்கள், தன்னைப் பற்றி எழுதும் 'பர்சனல் ஸ்டேட்மெண்ட்' என்ற தன்விளக்கக் கட்டுரை. இடங்களோ ஒரு துறைக்கு முப்பது, நாற்பது என்ற அளவில்தான்.

இதில் விநோதம், சிகிச்சையாளர்களுக்குப் பஞ்சம் இருக்கும்போதே இந்த நெரிசலும் இருக்கிறது. ஊனமுற்ற குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளியில் கல்வி உரிமை உண்டு என்று 1975-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. அதற்குப் பிறகு பள்ளிகள்தான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய வேலைத்தலம். பல ஊர்களில் பள்ளிகள் ஆள் கிடைக்காமல் தவிக்கின்றன. தகுதியுள்ள பெண்கள் நிராகரிப்புக் கடிதங்களோடு வீட்டில் இருக்கிறார்கள். பயிற்றுவிக்கும் பேராசிரியர்கள் போதவில்லை, களப்பயிற்சிக்கு மேற்பார்வையாளர்கள் போதவில்லை என்பதுதான் காரணம். களப்பயிற்சி மேற்பார்வை என்பது பெரும்பாலும் வேலையில் இருக்கும் பெண்கள் தங்கள் வேலைப்பளுவுக்கு மேல் ஏற்றுக்கொள்வது. மாணவியின் களப்பயிற்சிக்கும் பொதுவாகச் சம்பளம் கிடையாது. பெண்கள் நன்கொடையாகத் தரும் நேரம் எவ்வளவு கிடைக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் கதவு திறக்கிறது.

ஷாவின் நாடகத்தில் இதை முதலில் கேட்பவர் வீட்டு நிர்வாகியான திருமதி பியர்ஸ். இந்தப் பெண்ணுக்குச் சம்பளம் ஏதும் உண்டா, பாடம் முடிந்தபின் இவள் கதி என்ன என்று கேட்கிறார். காசு கொடுத்தால் குடித்துவிடுவாள் என்று ஹிக்கின்ஸ் தட்டிக்கழிக்கிறார். விமர்சகர்கள் அதிகம் கண்டுகொள்ளாத பாத்திரம் அவர். எனக்கு அந்த நாடகத்தின் பொருளாதார அறிஞர் அவர்தான். இரண்டு வருடம் சம்பளமில்லாமல் யாரால் இருக்க முடியும், வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், கடன் வாங்கினால் பள்ளிச் சம்பளத்தில் எப்படி அடைப்பாள்? விண்ணப்பப் படிவத்தில் இத்தனை கட்டங்கள் இருந்தும் திருமதி பியர்ஸின் கேள்விகளுக்கு ஒரு கட்டம் இல்லை.

இருக்கிற கட்டங்களிலேயே விமர்சன வாசிப்புக்குத் தகுந்தது தன்விளக்கக் கட்டுரை. அதைப் படிவத்தின் ஒரு பகுதி என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அது ஓர் இலக்கிய வகைமை; அதற்கென்று கதைக்கட்டும் கதாநாயகியும் உண்டு. பத்துக் கட்டுரை வாசித்தால் பதினோராவதை நாமே எழுதிவிடலாம். முதல் பத்தியில் ஒரு நோயாளி: பக்கவாதம் வந்த தாத்தா, பேச்சு வராத தம்பி. இரண்டாம் பத்தியில் அவர் முகத்தில் ஒரு சிகிச்சையாளர் கொண்டுவந்த புன்னகை. மூன்றாம் பத்தியில் அழைப்பு: அன்றே தெரிந்துவிட்டது, இதுதான் என் வாழ்க்கை. கடைசியில் வாக்குறுதி: குரலற்றவர்களுக்குக் குரல் கொடுப்பேன். வழி முழுக்கப் பொறுமை, கருணை, பேரார்வம்.

இதை எழுதும் பெண்களை நான் கேலி செய்யவில்லை. கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள். ஏன் இதைக் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி. விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட், 1983-இல் வெளியான 'தி மேனேஜ்ட் ஹார்ட்' நூலில், உணர்ச்சியையே வேலையின் பகுதியாக உற்பத்தி செய்து கொடுப்பதை உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். தன்விளக்கக் கட்டுரை அந்த உழைப்பின் முதல் தவணை. வேலைக்கு முன்னால், படிப்புக்கும் முன்னால், விண்ணப்பத்திலேயே வசூலிக்கப்படுகிறது. அன்பினால்தான் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவள் பிறகு சம்பளத்தைப் பற்றி, தன்மேல் சுமத்தப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கேள்வி எழுப்பினால், அவள் தன் சொந்தக் கட்டுரைக்கே துரோகம் செய்கிறவளாகத் தெரிவாள்.

இந்தக் கதைக்கட்டு இன்னொன்றையும் மறைக்கிறது: அறிவை. பக்கவாத நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, கஞ்சி கொடுக்கலாமா என்று முடிவெடுப்பவர் பேச்சு-மொழி சிகிச்சையாளர். தப்பாகக் கணித்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும், நுரையீரலில் தொற்று வரும், உயிர் போகலாம். இதைக் கருணை செய்யாது. தொண்டையின் தசைகளையும் நரம்புகளையும் படித்த மூளை செய்யும். அறுவை மருத்துவரிடம் யாரும் முதலில் பொறுமையைத் தேடுவதில்லை. பெண்கள் செய்யும் வேலை என்பதால் அது பெண்களின் இயல்பிலிருந்து ஊறுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். இயல்புக்கு எதற்குச் சம்பளம்?

பரிந்துரைக் கடிதங்களும் இதே மொழியில்தான் நடமாடுகின்றன. பிரான்சிஸ் ட்ரிக்ஸ், கேரோலின் சென்கா இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட கடிதங்களை வரிவரியாக வாசித்தார்கள். பெண்களுக்கான கடிதங்கள் நீளம் குறைவு. ஐயத்தைக் கிளப்பும் சொற்றொடர்கள் அதிகம். ஆணின் ஆய்வு பேசப்படும் இடத்தில் பெண்ணின் கற்பித்தலும் கடின உழைப்பும் பேசப்பட்டன. 2009-இல் மடேரா, ஹெபல், மார்ட்டின் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு அடி போயிற்று: அனுசரணையானவள், அன்பானவள் போன்ற சொற்கள் பெண்களின் கடிதங்களில் அதிகம் இருந்தன, அந்தச் சொற்கள் இருந்தாலே, வேலைக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்குக் கிடைத்த மதிப்பெண் இறங்கியது. இந்த இரண்டு ஆய்வுகளும் பேராசிரியர் பதவிகளைப் பற்றியவை. அவற்றைப் பேச்சு சிகிச்சை விண்ணப்பங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் பொறி தெரிகிறது. பெண்கள் மட்டுமே நிற்கும் வரிசையில் கேட்கப்படும் அதே குணம், அதிகாரம் இருக்கும் இடத்துக்குப் போகும்போது குறையாக எண்ணப்படுகிறது.

இத்தனை பெண்கள் செய்யும் வேலைக்குப் பொதுமனதில் என்ன முகம்? 2010-இல் வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திக்கும் அரசர் ஆறாம் ஜார்ஜ். அவரைப் பேசவைக்கும் ஆஸ்திரேலியர் லயனல் லோக். படத்தின் உச்சத்துக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி: லோகுக்குப் பட்டம் எதுவும் இல்லை என்பதைப் பேராயர் கண்டுபிடித்துவிடுகிறார். போரில் குரலிழந்து திரும்பிய வீரர்களுக்கு உதவிய அனுபவத்தை லோக் சொல்கிறார். அரசர் அவரையே வைத்துக்கொள்கிறார். நாம் நெகிழ்கிறோம், சான்றிதழைவிட மனிதன் பெரியவன் என்று அரங்கை விட்டு வெளியே வருகிறோம்.

படம் நல்ல படம்தான். ஆனால் இந்த நெகிழ்ச்சியில் ஒரு பால்பேதம் இருக்கிறது. அனுபவம் மட்டுமே தகுதி என்று ஓர் ஆண் சொன்னால் அது மேதைமை. பேச்சு வராத மகனோடு எட்டு வருடம் போராடிக் கற்றுக்கொண்ட ஒரு தாய் அதே வாதத்தை வைத்தால் அது தாய்மை. விண்ணப்பத்தில் அதற்கு மதிப்பெண் இல்லை, இளங்கலை மதிப்பெண் சராசரிக்குத்தான் உண்டு. பட்டம் வேண்டாம் என்று நான் வாதாடவில்லை; விழுங்கலைப் பற்றி மேலே சொன்ன காரணத்துக்காகவே பட்டம் வேண்டும். ஹிக்கின்ஸ், லோக் என்று இந்தத் தொழிலின் திரைமுகங்கள் ஆண்களாகவே இருப்பது தற்செயலா என்று மட்டும் கேட்கிறேன். எல்ஸி ஃபோகர்டி 1906-இல் லண்டனில் பேச்சுக்கும் நாடகத்துக்குமான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சாரா ஸ்டிஞ்ச்ஃபீல்ட் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1925-இன் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். இவர்களைப் பற்றி யாரும் ஆஸ்கர் படம் எடுக்கவில்லை.

இனி அந்த இரண்டாவது எண்: பத்தில் ஒன்பது. யாருடைய பேச்சு கோளாறு, யாருடைய பேச்சு வேறுபாடு என்று தீர்ப்பு எழுதும் அதிகாரம் இந்தத் தொழிலுக்கு இருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் மீது எப்படி விழுந்தது என்பதற்கு நீதிமன்ற ஆவணமே உண்டு. 1979-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், தங்கள் பிள்ளைகளின் வீட்டுமொழியைக் கணக்கில் எடுக்காமல் அவர்களைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்று பள்ளி ஒதுக்குகிறது என்று தாய்மார்கள் தொடுத்த வழக்கில், நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் பள்ளி நிர்வாகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 1983-இல் ஆஷா, எந்த வட்டார, சமூக வழக்கும் தன்னளவில் கோளாறு ஆகாது என்று அறிவித்தது. வேற்று உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் மாணவர்களையும் சிகிச்சையாளர்களையும் அந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கக் கூடாது என்று 1998-இல் இன்னோர் அறிக்கை சொன்னது. அறிக்கைகள் நல்லவை. ஆனால் அவற்றை அன்றாடம் நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள், தன் பேச்சுக்காக ஒருமுறையாவது தலைகுனிய வைக்கப்பட்டவர்களாக இருந்தால் நன்றாயிருக்கும். அவர்கள்தான் வரிசையில் கடைசியில் நிற்கிறார்கள்.

நம் பெண்களும் அந்த வரிசையில் உண்டு. சென்னையிலும் மைசூரிலும் இதே துறையில் இளங்கலை முடித்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் ஒரு பக்கம். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் போனவர்கள் இன்னொரு பக்கம்: படிக்கலாம், வேலை பார்க்கக் கூடாது என்ற நிலை, 2015-க்குப் பிறகு, கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் மட்டும் வேலை அனுமதி. படிப்பு ஒன்றுதான் திறந்திருக்கும் கதவு என்றாகும்போது, பள்ளி வேலை, பிள்ளைகளுக்கு ஒத்துவரும் நேரம் என்று குடும்பமே சிபாரிசு செய்யும் துறைகளில் இதுவும் ஒன்று. அயல்நாட்டுப் பட்டம் உள்ளவர்களிடம் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதிக்குத் தனி வரம்பு கேட்கும் துறைகளும் உண்டு. தமிழில் வகரம் ஒன்றுதான். ஆங்கிலத்தின் இரண்டு வகர ஒலிகளையும் ஒன்றாகவே உச்சரிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குக் கோளாறு எதுவும் இல்லை என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே அறிந்தவள், அதே உச்சரிப்புக்காக மதிப்பெண் இழக்கிறாள்.

நிலைமை மாறிவருகிறதே என்று சொல்லலாம். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பல துறைகள் ஜி.ஆர்.இ. தேர்வைக் கைவிட்டன. எண்களை மட்டும் பார்க்காமல் முழு ஆளையும் பார்க்கிறோம் என்கிறார்கள். வரவேற்க வேண்டியதுதான், அந்தத் தேர்வுக் கட்டணமும் பயிற்சி வகுப்பும் யாருக்குச் சாதகம் என்பது தெரிந்த கதை. ஆனால் எண் விலகிய இடத்தில் வந்து உட்காருவது கதை. தன்னார்வச் சேவை, மருத்துவமனையில் உடனிருந்து பார்த்த மணிநேரங்கள், உருக்கமான கட்டுரை. இவை காசில்லாமல் கிடைப்பவைபோலத் தெரியும். வார இறுதியில் கடையில் கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவரும் பெண்ணுக்கு, இவைதான் மிக விலை உயர்ந்தவை. முழு ஆளையும் பார்ப்பதாகச் சொல்லும் கண், அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையையும் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'பிக்மேலியன்' பற்றிப் பேசும்போது நாம் விட்டுவிடும் இடம் ஐந்தாம் அங்கத்தில் இருக்கிறது. விருந்தில் வென்றாகிவிட்டது, பந்தயம் முடிந்துவிட்டது, இனி எலிசா என்ன செய்வாள்? நான் ஒலியியல் கற்பிப்பேன், உங்களிடம் கற்றதை வேறொருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து சொல்லிக்கொடுப்பேன் என்கிறாள். நாடகம் முழுக்க அவளை ஏசிக்கொண்டிருந்த ஹிக்கின்ஸ் உண்மையிலேயே ஆத்திரப்பட்டு அவள்மேல் கை வைப்பது அப்போதுதான். அவள் காதலித்தாலும் அவருக்குக் கவலையில்லை, போனாலும் சமாளிப்பார். தொழிலுக்குள் வருவேன் என்றதுதான் தாங்க முடியவில்லை. அதன் பிறகு வந்தவர்கள் இந்த வரியை மங்கவைத்தார்கள். ஷாவே 1916-இல் சேர்த்த பின்னுரையில் அவளுக்குக் கல்யாணமும் பூக்கடையும் கொடுத்தார். 1964-இன் 'மை ஃபேர் லேடி' படம் அவளைத் திரும்ப ஹிக்கின்ஸின் வீட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தியது. அவர் செருப்பைக் கேட்கிறார். ஒலியியல் ஆசிரியை எலிசாவை யாரும் எழுதவில்லை.

அதை எழுதும் வாய்ப்பு இப்போது விண்ணப்பம் நிரப்பும் பெண்ணிடம் இருக்கிறது. ஒரே தாத்தாவைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதலாம். அவர் கண்ணில் கண்ட ஏக்கம் என் வாழ்க்கையை மாற்றியது என்பது ஒன்று. தாத்தா தேவாரத்தைத் தடையில்லாமல் பாடினார், ஞாயிறு திங்கள் செவ்வாய் என்று சொன்னார், கையில் இருந்த டம்ளரின் பெயர் மட்டும் வரவில்லை. பழகிப்போன தொடர் தங்கி, தேடி எடுக்க வேண்டிய சொல் மட்டும் தொலைவது ஏன் என்று படிக்கத் தொடங்கினேன் என்பது இன்னொன்று. இரண்டாவதில் அன்பு குறையவில்லை. ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் அது தெரியும். ஆனால் அங்கே அவள் பார்த்தவளாக, கேட்டவளாக, காரணம் தேடியவளாக இருக்கிறாள். மொழிபெயர்த்துச் சொல்லியே பழகிய மகள், கடைக் கல்லாவில் பல உச்சரிப்புகளைப் புரிந்துகொண்ட பெண், இரண்டு மொழியில் பிள்ளை வளர்த்த தாய் என யாருடைய வாழ்க்கையிலும் இப்படி ஓர் அவதானிப்பு கிடைக்கும். சம்பளம் என்ன, மேற்பார்வையாளர் யார், களப்பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பேருந்து போகுமா என்று சேர்வதற்கு முன்பே துறையிடம் கேளுங்கள். கேட்டால் ஆர்வம் குறைந்தவள் என்று நினைப்பார்களோ என்ற பயம் அந்தக் கதைக்கட்டு நமக்குள் வைத்தது. திருமதி பியர்ஸ் கேட்டார். அந்த வீட்டில் அவரைவிட அக்கறையுள்ளவர் யாரும் இல்லை.

இதனால் இடம் கிடைத்துவிடும் என்று உத்தரவாதம் தர முடியாது. இருக்கைகள் முப்பதுதான். அதை மாற்ற ஒரு கட்டுரை போதாது. சம்பளத்தோடு களப்பயிற்சியும், கூடுதல் பேராசிரியர்களும், வரிசையில் நின்றவர்களே உள்ளே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பதும் வேண்டும். ஆனாலும் நிராகரிப்புக் கடிதம் வரும் நாளில், நிராகரிக்கப்பட்டது தன் மனசு என்று ஒரு பெண் நினைத்துக்கொள்வதற்கும், தன் அறிவுக்கு அந்த ஆண்டு இடம் கொடுக்கவில்லை என்று தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் பெரியது. இரண்டாவது பெண் அடுத்த வருடமும் விண்ணப்பிப்பாள்.